எல்க் வேட்டைக்கு நடந்து போகிறவர்கள் பையின் எடையைக் குறைப்பது எப்படி: ஐந்து இரவுப் பயணத்துக்கு முழு வழிகாட்டி

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், செப்டம்பர் வில் சீசனில், வண்டியைப் பாதை முடியும் இடத்தில் விட்டுவிட்டு ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே நடந்து போய், ஐந்து இரவு தங்கி எல்க் மான் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரைஃபிள் சீசனில் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன். உரிமம், டேக் (வேட்டையாடிய மிருகத்தோடு கட்டும் அனுமதிச் சீட்டு), குறி பார்க்கும் பயிற்சி எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருகிறவர்களின் பையைத் தூக்கிப் பார்த்தால் 25 கிலோவுக்குக் குறைந்து இருப்பது அபூர்வம். அவர்களில் பலர் எடை குறைக்கிறேன் என்று விலை உயர்ந்த டென்ட் ஒன்றை ஏற்கெனவே வாங்கியும் இருப்பார்கள். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. எதை முதலில் குறைப்பது, எதைக் கடைசியில் தொடுவது, எதைத் தொடவே கூடாது என்ற வரிசை சரியாக இருந்தால், பெரிய செலவில்லாமல் சாப்பாடு தண்ணீரோடு சேர்த்து 15 கிலோவை ஒட்டிக் கொண்டுவந்துவிடலாம். கையில் இருக்கும் வில்லும் மார்பில் மாட்டியிருக்கும் பைனாகுலரும் இந்தக் கணக்கில் வராது.

1. திரும்பி வரும் வழியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

முழுதாக வளர்ந்த ஆண் எல்க்கை வெட்டி எலும்பெடுத்தால் கறி மட்டும் 80 கிலோவுக்கு மேல் வரும், பெரிய உடம்பு என்றால் 100-ஐத் தாண்டும். பெண் எல்க் 60 கிலோவை ஒட்டி இருக்கும். பாதையே இல்லாத சரிவில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி நடக்கும்போது ஒரு ஆள் ஒழுங்காகச் சுமக்கக்கூடியது 30, மிஞ்சினால் 35 கிலோ. ஆக, தனியாகப் போனால் கறிக்கே மூன்று நடை. தங்கும் சாமான் கனமாக இருந்தால் அதற்கு இன்னொரு நடை. ஒவ்வொரு நடைக்கும் போக வர 16 கிலோமீட்டர்.

ஃப்ளாட் டாப்ஸ், வெமினூச் மாதிரியான வில்டர்னஸ் (சட்டம் போட்டு இயற்கையாகவே விட்டுவைத்த காடு) பகுதிகளில் 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி மோட்டார் வண்டி மட்டுமல்ல, கறி ஏற்றித் தள்ளிவரும் சக்கர வண்டிகூட உள்ளே வரக்கூடாது. குதிரை இல்லாதவர்களுக்கு முதுகுதான் வண்டி.

நேரமும் இதில் சேர்கிறது. செப்டம்பரில் இரவு உறையும் குளிர் இருந்தாலும் பகல் வெயில் நன்றாகவே சுடும், நிழலில் தொங்கவிட்ட கறிக்கும் காலக்கெடு உண்டு. சாப்பிடத் தகுந்த கறியை வீணாக விடுவது கொலராடோவில் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு உயிரை எடுத்த பிறகு அதன் கறியைச் சுமக்கத் தெம்பில்லாமல் கெடவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. பை எடையைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதனால்தான். போகும்போது உடம்பு களைத்துப்போனால் அதன் விலையைக் கொடுப்பது திரும்பும்போது.

அதனால் முதல் வேலை, வரைபடத்தை விரித்து, எத்தனை பேர் போகிறோம், ஆளுக்கு எத்தனை கிலோ, எத்தனை நடை என்று எழுதிப் பார்ப்பது. இரண்டு பேருக்கு 8 கிலோமீட்டர் சரி. தனி ஆளுக்கு, அதுவும் முதல் வருடம் என்றால், நான் 4 கிலோமீட்டருக்கு மேல் போகச் சொல்ல மாட்டேன்.

2. தராசு, ஒரு தாள், ஒரு போர்வை

வேண்டியவை மூன்றே. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று. விமான நிலையத்துக்குப் போகுமுன் சூட்கேஸை மாட்டித் தூக்கிப் பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசு ஒன்று. எழுத ஒரு தாள் அல்லது எக்செல் ஷீட்.

கூடத்தில் போர்வையை விரித்து, கொண்டுபோக நினைப்பதையெல்லாம் அதில் பரப்புங்கள். பைக்குள் போட்டுக்கொண்டே எடை போடாதீர்கள். உள்ளே போனது கண்ணுக்குத் தெரியாது, தெரியாததைக் குறைக்கவும் முடியாது.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பாவது இதைச் செய்துவிடுங்கள். முந்தின இரவு பை கட்டுகிறவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது, சந்தேகம் வந்த பொருளெல்லாம் உள்ளே போய்விடும்.

3. ஒவ்வொன்றையும் எடை போட்டு மூன்றாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு பொருளையும் அதன் உறையோடு, கயிறோடு, பேட்டரியோடு தராசில் வையுங்கள். பெட்டியில் அச்சிட்ட எடையை நம்ப வேண்டாம். டென்ட் எடை என்று போட்டிருப்பதில் முளைக்குச்சிகளும் உறையும் பல நேரம் சேர்ந்திருக்காது.

பிறகு தாளில் மூன்று பத்தி போடுங்கள். உடம்பில் அணிவதும் கையில் பிடிப்பதும் ஒன்று. பையில் இருந்து குறையாமல் திரும்பி வருவது இரண்டு. சாப்பாடு, தண்ணீர், எரிவாயு என்று தீர்ந்துபோகிறவை மூன்று. இரண்டாவது பத்தி ஐந்து நாளும் முதுகில் இருக்கும், கறி ஏறும்போதும் கூடவே இருக்கும். மூன்றாவது பத்தி முதல் நாள்தான் உச்சம், பிறகு தானாகவே இறங்கும். குறைக்கும் முறையும் இரண்டுக்கும் வேறு வேறு.

ஒரு சாதாரண தவறு, பெரிய பொருட்களை மட்டும் எடை போட்டுவிட்டு "மற்றதெல்லாம் சில்லறை" என்று விடுவது. அந்தச் சில்லறையைத் தனியாக ஒரு பையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள். மூன்று கிலோ வரும்.

4. காசு செலவில்லாமல் குறைவதை முதலில் குறையுங்கள்

இங்கேதான் அதிகம் குறையும். ஆனால் யாரும் இங்கே தொடங்குவதில்லை.

"எதற்கும் இருக்கட்டும்" என்று எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் தனியே ஒதுக்குங்கள். இரண்டாவது கத்தி, மூன்றாவது டார்ச், கோடாரி, உட்காரும் நாற்காலி, முகாமில் போட்டுக்கொள்ள இன்னொரு ஜோடி செருப்பு, முழு டியூப் பற்பசை, படிக்க ஒரு புத்தகம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது இல்லாவிட்டால் உயிருக்கோ, வேட்டைக்கோ, கறிக்கோ பாதிப்பு உண்டா? இல்லையென்றால் அது வீட்டில் இருக்கலாம். உண்டு என்றால், அதே வேலையைச் செய்யும் வேறு பொருள் ஏற்கெனவே பையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, கூட வருகிறவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு பேர் போனால் ஒரு டென்ட், ஒரு அடுப்பு, ஒரு வடிகட்டி, ஒரு ரிப்பேர் கிட் போதும். இதைப் பேசாமல் போய் இறங்கி, இரண்டு பேரிடமும் இரண்டு அடுப்பு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தலைவிளக்கையும் லைட்டரையும் மட்டும் பங்கு போடக் கூடாது, இருட்டில் இருவரும் பிரிய நேரலாம்.

கடைசியாக உறைகள். அட்டைப்பெட்டி, கண்ணாடி பாட்டில், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிப்பை என்று எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். ஒரு நண்பர் ஆவக்காய் ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலோடே கொண்டுவந்தார். பாட்டில் எடை ஊறுகாயைவிட அதிகம். அதே ஊறுகாய் நான்கு ஸ்பூன், மருந்து டப்பா அளவு பிளாஸ்டிக் டப்பாவில் ஐந்து நாளுக்கும் தாராளம்.

5. சாப்பாடு: கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாருங்கள்

பையில் தனியொரு பெரிய எடை இதுதான், நான்கு கிலோவுக்குக் குறையாது. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு 3,000 முதல் 3,500 கலோரி வையுங்கள். செலவாவது அதைவிட அதிகம், ஆனால் ஐந்து நாளுக்கு அந்தக் குறையை உடம்பு தாங்கும். கொண்டுபோகும் சாப்பாடு சராசரியாகக் கிராமுக்கு 4.5 கலோரி தர வேண்டும். அப்படியென்றால் ஒரு நாள் சாப்பாடு 700 முதல் 800 கிராமுக்குள் அடங்கும்.

நம் வீட்டுப் பொருட்கள் இதில் நன்றாகவே நிற்கும். நெய் கிராமுக்கு 9 கலோரியை ஒட்டி, வறுத்த வேர்க்கடலை ஐந்தரைக்கு மேல், கடலை மிட்டாய் ஏறக்குறைய 5, முழுப்பால் பொடியும் அதே அளவு. அவல் மூன்றரைதான், ஆனால் வேக வைக்கவே வேண்டாம் என்பதால் எரிவாயுவில் மிச்சம் பிடிக்கலாம். பழங்கள், வேக வைத்த முட்டை, டின்னில் அடைத்த எதுவும் கூடாது, பாதிக்கு மேல் தண்ணீரைத்தான் சுமப்பீர்கள்.

பச்சை அரிசியும் துவரம்பருப்பும் கொண்டுபோகாதீர்கள். முகாம் 3,300 மீட்டர் உயரத்தில் இருந்தால் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும், எரிவாயுதான் தீரும். குக்கர் தூக்கிக்கொண்டு போவதாக இல்லையென்றால், ஏற்கெனவே வேக வைத்து உலர்த்திய உணவு மட்டும்தான் வழி.

நான் கொண்டுபோவது இதுதான். காலையில் கெட்டி அவல், பால் பொடி, நாட்டுச் சர்க்கரை, உடைத்த முந்திரி நான்கையும் வீட்டிலேயே ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கலந்துவிடுவேன், கொதித்த தண்ணீர் ஊற்றி மூடி ஐந்து நிமிடம். பகல் முழுக்க நின்றபடி கொறிக்கக் கடலை மிட்டாய், வேர்க்கடலை, பேரீச்சம்பழம், டார்ட்டியாவில் (மெக்சிகோ பாணிச் சப்பாத்தி) தடவிய வேர்க்கடலை வெண்ணெய். இரவுக்கு உறைய வைத்து உலர்த்திய ரெடிமேட் சாப்பாடு மூன்று நாளைக்கும், உடனடி அரிசியும் பருப்புப் பொடியும் நெய்யும் இரண்டு நாளைக்கும். உடனடி அரிசி அந்த உயரத்தில் பாக்கெட்டில் போட்டிருப்பதைவிட இரு மடங்கு நேரம் ஊற வேண்டும். பாத்திரத்தைத் தொப்பிக்குள் வைத்து மூடிவிட்டால் போதும், அடுப்பு வேண்டாம்.

நெய்க்கு வாய் அகலமான திருகுமூடி டப்பா எடுங்கள். குளிரில் இறுகிவிடும், குறுகலான பாட்டில் என்றால் வெளியே வராது. டப்பாவை இரண்டு ஜிப் பைக்குள் போடுங்கள்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பை என்று தனித்தனியாகக் கட்டி, மேலே நாள் எண் எழுதுங்கள். மொத்தமாகக் கட்டினால் பயத்தில் கூடுதலாக அள்ளிப் போடுவோம். ரெடிமேட் சாப்பாட்டை ஜிப் பைகளுக்கு மாற்றி, கெட்டியான ஒரிஜினல் உறை ஒன்றை மட்டும் ஊற வைக்க வைத்துக்கொண்டால் இடமும் எடையும் குறையும். கூடுதலாக ஒரே ஒரு அரை நாள் சாப்பாடு. அதற்கு மேல் வேண்டாம்.

6. தண்ணீரும் அடுப்பும்

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, இதில் எந்தத் தந்திரமும் இல்லை. ஓடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு லிட்டர் சுமப்பீர்கள், தெரியாவிட்டால் நான்கு லிட்டர் சுமப்பீர்கள். எனவே வீட்டிலேயே வரைபடத்தில் ஓடைகளையும் ஊற்றுகளையும் குறியுங்கள். செப்டம்பரில் சின்ன ஓடைகள் வற்றியிருக்கலாம் என்பதால் மாற்று இடம் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓடைக்குப் போனதும் அங்கேயே அரை லிட்டர் குடித்துவிட்டு, பிறகு நிரப்புங்கள். நடக்கும்போது இரண்டு லிட்டர் போதும். முகட்டில் இரவு தங்க நேர்ந்தால் நிரப்பிக்கொள்ள மூன்று லிட்டர் மடக்குப்பை ஒன்று காலியாக இருக்கட்டும். கனமான எஃகு பாட்டில் வேண்டாம்.

நுண்குழாய் வடிகட்டி 100 கிராமுக்குள் கிடைக்கும், நல்ல பொருள், ஆனால் ஒரு முறை உறைந்துவிட்டால் உள்ளே இழைகள் கிழிந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியும் கூடவே வரும். இரவில் அதை ஜிப் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் காலடியில் வைத்துத் தூங்குங்கள். பின்துணையாகக் குளோரின் டையாக்சைடு மாத்திரை ஒரு அட்டை எடுங்கள், எடையே இல்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சாக நான்கு மணி நேரம் ஆகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடுப்பு, கேன் மேலே திருகும் சின்ன வகை, 80 கிராம் அளவில். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் கொதிக்க வைத்தால் 110 கிராம் எரிவாயு கேன் ஒன்று ஐந்து நாளுக்குப் போதும், மூடி போட்டுக் கொதிக்க வைத்தால்தான். காற்றைத் தடுக்கப் பாறை மறைவு தேடுங்கள். கேனையும் சேர்த்து தகரத்தால் சுற்றி மூடாதீர்கள், கேன் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் கேனை ஏற்ற முடியாது, இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள்.

7. துணி: மாற்றுத்துணியைக் குறையுங்கள், சூட்டைக் குறைக்காதீர்கள்

மலையேறுகிறவர்களின் லேசான பட்டியலை அப்படியே எடுத்து வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. மலையேறுகிறவர் நாள் முழுக்க நடப்பார், உடம்பு சூடாகவே இருக்கும். வேட்டைக்காரர் இருட்டில் வியர்க்க வியர்க்க ஏறி, விடியும்போது முகட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அசையாமல் பைனாகுலர் பார்ப்பார். அந்த இரண்டு மணி நேரத்துக்கான துணி கட்டாயம்.

அணிந்திருக்கும் ஒரு செட் தவிர பையில் இருக்க வேண்டியவை: தொப்பியுள்ள பஃபி ஜாக்கெட் (உள்ளே இறகோ பஞ்சோ அடைத்து உப்பலாக இருப்பது), மழை ஜாக்கெட், உள்ளே போடும் மெரினோ கம்பளி மேல்கீழ் ஒரு செட், கம்பளித் தொப்பி, கையுறை, இரண்டு ஜோடி சாக்ஸ். அதில் ஒரு ஜோடி தூங்க மட்டும். மொத்தம் ஒன்றேகால் கிலோ. மழை பேன்ட் வானிலை அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது பேன்ட் வேண்டாம். நாளுக்கொரு சட்டை வேண்டாம். பருத்தி எதுவுமே வேண்டாம், ஜட்டி உட்பட. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு காயாது, காற்றடித்தால் நடுக்கம் எடுக்கும். மெரினோவை இரவில் உடம்பிலேயே போட்டுத் தூங்கினால் காலையில் காய்ந்திருக்கும்.

ரைஃபிள் சீசனில் ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் நிறத்தில் 500 சதுர அங்குலம் இடுப்புக்கு மேல் தெரிய வேண்டும், தலையிலும் அதே நிறம். வலைத்துணி வெஸ்ட்டும் தொப்பியும் மிக லேசாகக் கிடைக்கும். அக்டோபர், நவம்பர் என்றால் பஃபியைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள்.

8. தூங்கும் ஏற்பாடு

பணம் செலவு செய்ய விரும்பினால் இங்கே செய்யுங்கள், அதுவும் மேலே சொன்னதெல்லாம் முடித்த பிறகு.

ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்பநிலை போட்டிருப்பார்கள், வசதியாகத் தூங்கும் எல்லை ஒன்று, சுருண்டு படுத்துத் தாக்குப்பிடிக்கும் எல்லை ஒன்று. கடைக்காரர் பெரிதாக எழுதுவது பெரும்பாலும் இரண்டாவதை. நீங்கள் பார்க்க வேண்டியது முதலாவதை. செப்டம்பருக்கு வசதி எல்லை மைனஸ் 5 டிகிரி அளவில் உள்ள, இறகு அடைத்த டவுன் பேக் ஒரு கிலோவுக்குள் கிடைக்கும். ரொம்பக் குளிரும் இரவில் பஃபியையும் போட்டுக்கொள்ளலாம், எனவே அதைவிடத் தடித்தது வேண்டாம்.

படுக்கும் மெத்தையை அலட்சியம் செய்யாதீர்கள். உடம்புக்கு அடியில் இறகு நசுங்கிவிடும், தரையின் குளிரைத் தடுப்பது மெத்தை மட்டும்தான். குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஆர் மதிப்பு 4-க்கு மேல் இருக்கட்டும், 500 கிராமில் வரும். நல்ல பேக் வாங்கிவிட்டு மெல்லிய மெத்தையில் படுத்து இரவெல்லாம் நடுங்குகிறவர்கள் பேக்கைத்தான் குறை சொல்கிறார்கள்.

டென்ட்டுக்கு, நடைக்கோலையே தூணாக நிறுத்தும் வகையை எடுத்தால் ஒரு கிலோவுக்குள் முடியும். கறி சுமக்க நடைக்கோல் எப்படியும் வேண்டும், அப்படியிருக்கத் தனித் தூண் எதற்கு? தரையில்லாத டென்ட் என்றால் மெல்லிய விரிப்பு ஒன்று, அதையே பிறகு கறி வைக்கவும் பயன்படுத்தலாம். வீட்டுப் புல்வெளியில் இருட்டில் ஒரு முறை கட்டிப் பழகுங்கள். பனி கனமாக விழும் நவம்பருக்கு இந்த வகையில் எல்லாமே தாங்காது, அதைத் தனியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

9. பைனாகுலர், தோட்டா, பேட்டரி

10x42 பைனாகுலர் ஒன்று போதும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (அதிகம் பெரிதாக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) ட்ரைபாடும் சேர்ந்து மூன்று கிலோவைத் தொடும். அடர்ந்த ஸ்ப்ரூஸ் காட்டில் வில்லோடு போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மரம் முடியும் உயரத்துக்கு மேலே திறந்த பள்ளத்தாக்குகளைப் பார்க்கிற ரைஃபிள் வேட்டை என்றால் இரண்டு பேருக்கு ஒன்று கொண்டுபோகலாம்.

தோட்டா 10 போதும், பெட்டி முழுக்க வேண்டாம். அம்பு, வில்லில் மாட்டியிருக்கும் கூட்டில் உள்ளவை மட்டும்.

போனை ஏரோபிளேன் மோடில் வைத்து, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தால் 10,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் ஒன்று ஐந்து நாள் ஓடும். அதுவும் போனும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள். குளிரில் பேட்டரி இறங்குவது சாதாரணம்.

10. கறிக்கான கிட்

முதல் முறை வருகிறவர்கள் இங்கே இரண்டு பக்கமும் தவறுவார்கள். சிலர் ரம்பம், கோடாரி, நான்கு கத்தி கொண்டுவருவார்கள். சிலர் கறிப்பையையே மறந்துவிடுவார்கள்.

எல்க்கை வயிறு திறக்காமலே பக்கவாட்டில் தோலுரித்து, முன்சப்பை, பின்னந்தொடை, முதுகுத்தண்டின் இருபுறமும் ஓடும் நீளக்கறி, கழுத்துக்கறி என்று எடுக்கலாம். முன்சப்பைக்கு மூட்டே கிடையாது, கத்தியை விலாவை ஒட்டி ஓட்டினால் கழன்று வரும். பின்னந்தொடைக்கு இடுப்பில் உள்ள பந்துமூட்டைத் தேடிப் பிடித்து, அதன் நடுவே இருக்கும் தசைநாரை நறுக்கினால் 'டொக்' என்று விடும். எங்கேயும் எலும்பை அறுக்க வேண்டியதில்லை. அதனால் ரம்பம் வேண்டாம். கொம்பு வேண்டும் என்பவர்கள் மட்டும் மெல்லிய மடக்கு ரம்பம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டில் இருக்க வேண்டியவை: பிளேடு மாற்றும் கத்தி ஒன்று, கூடுதல் பிளேடு ஆறு, சிந்தெடிக் கறிப்பை ஐந்து, ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, 15 மீட்டர் மெல்லிய கயிறு, டேக், பேனா. எல்லாம் சேர்ந்து 700 கிராம். பருத்திக் கறிப்பை இதைவிட இரண்டு மூன்று மடங்கு கனம், ரத்தம் ஊறினால் இன்னும் கனம்.

தூரம் இருந்தால் எலும்பை அங்கேயே எடுத்துவிடுங்கள். எடை குறைவது ஒரு காரணம். தொடை எலும்பை ஒட்டிய கறிதான் கடைசியில் ஆறும், முதலில் கெடும் என்பது இன்னொரு காரணம். ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளம் ஒரு பெரிய கறித்துண்டோடு இயற்கையாக ஒட்டியே இருக்க வேண்டும் என்பது கொலராடோ விதி. அவசரத்தில் அதை அறுத்துவிடாதீர்கள். சில பகுதிகளில் நோய்ப் பரிசோதனைக்குத் தலையைக் கொண்டுவரச் சொல்வார்கள். அந்த வருட விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு அந்த எடையையும் கணக்கில் சேருங்கள்.

11. பையைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

மற்றதெல்லாம் குறைந்த பிறகுதான் எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்று தெரியும். முதலிலேயே 100 லிட்டர் பை வாங்கினால் அது நிரம்பும் வரை ஏதாவது போட்டுக்கொண்டே இருப்போம்.

பையில் மட்டும் எடை குறைக்காதீர்கள். ஒரு கிலோ எடையுள்ள மலையேற்றப் பை 15 கிலோ வரை நன்றாக இருக்கும். 35 கிலோ கறி ஏறியதும் இடுப்புப்பட்டை மடங்கி, மொத்தப் பாரமும் தோளில் இறங்கும், தையலும் விட்டுவிடும். கறி சுமப்பதற்கென்று செய்த சட்டகம் (ஃபிரேம்) வைத்த பை இரண்டரை கிலோவை ஒட்டி இருக்கும். சட்டகத்துக்கும் பைக்கும் நடுவே கறியைச் செருக இடம் இருக்கும், அதனால் பாரம் முதுகை ஒட்டியே நிற்கும்.

வாங்கியதும் இந்தியன் கடையில் கிடைக்கும் 20 பவுண்டு அரிசி மூட்டை இரண்டை அந்த இடத்தில் வைத்துக் கட்டி, வீட்டருகே ஏற்றம் இறக்கமாக ஒரு மணி நேரம் நடங்கள். 18 கிலோ. இடுப்பு எலும்பின் மேல் பட்டை உட்காருகிறதா, மூட்டை நழுவுகிறதா, எந்த வாரை இழுத்தால் தோள் லேசாகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். மூட்டை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, உயரத்தில், முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். கீழே தொங்கினால் பின்னுக்கு இழுக்கும்.

12. கை வைக்கக் கூடாதவை

எடை குறைக்கும் வேகத்தில் இவற்றையும் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனவே தனியாகவே சொல்கிறேன். ரத்தம் நிறுத்தும் டூர்னிக்கேயும் அழுத்துத் துணியும் கட்டாயம், கூரான அம்புமுனைகளோடும் பிளேடோடும் இருட்டில் வேலை செய்யப் போகிறீர்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி, 100 கிராம். லைட்டர் இரண்டு, வேறு வேறு இடத்தில். தலைவிளக்குக்கு மாற்று பேட்டரி. காகித வரைபடம், திசைகாட்டி. காலில் கொப்புளம் வருமுன் ஒட்டும் டேப்.

கொலராடோவில் இருப்பது கருங்கரடி, சாப்பாட்டுப் பையைக் கூடாரத்திலிருந்து தள்ளி மரத்தில் தொங்கவிட வேண்டும், கறிக்கு எடுத்த கயிறே அதற்கும் ஆகும். இதே பட்டியலோடு மொன்டானா, வயோமிங் பக்கம் போகிறவர்கள் கரடி ஸ்ப்ரேயைச் சேர்த்து, பையில் வைக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். அங்கே கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி உண்டு.

13. கூட்டிப் பார்த்து, ஒரு இரவு ஒத்திகை

என் கணக்கு சுமாராக இப்படி நிற்கிறது. பை 2.6 கிலோ, டென்ட் 1, தூங்க 1.5, துணி 1.25, அடுப்பு பாத்திரம் எரிவாயு 0.45, வடிகட்டியும் பாட்டிலும் 0.2, கறி கிட் 0.7, மின்சாதனங்கள் 0.45, மருந்து ரிப்பேர் இதர சாமான் 0.5. மொத்தம் 8.65. சாப்பாடு 4, தண்ணீர் 2. ஆக 14.65 கிலோ. திரும்பும்போது சாப்பாடு தீர்ந்து, பையைக் கழித்தால், தங்கும் சாமான் 6 கிலோதான். அதைக் கடைசி நடையில் கறியோடு சேர்த்தே எடுத்து வந்துவிடலாம். ஒரு முழு நடை மிச்சம்.

இந்த எண்ணை எட்டியதும் நேராக வேட்டைக்குப் போகாதீர்கள். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அதே பை, அதே சாப்பாடு, அதே பூட்ஸோடு 3,000 மீட்டருக்கு மேல் எங்காவது ஒரு இரவு தங்குங்கள். எது குறைகிறது, எது தேவைக்கு மேல் இருக்கிறது என்பது அந்த ஒரே இரவில் தெரிந்துவிடும், தவறாக இருந்தாலும் வண்டி பக்கத்திலேயே இருக்கும்.

வேட்டை முடிந்து வீட்டுக்கு வந்ததும், பையைக் காலி செய்யும்போதே தாளை எடுத்து, ஒரு முறைகூடத் தொடாத பொருட்களுக்கு நேரே கோடு போடுங்கள். அடுத்த வருடம் அவை வீட்டிலேயே இருக்கட்டும். மருந்துப் பையும் செய்தி அனுப்பும் கருவியும் மட்டும் தொடாமல் இருந்தாலும் பட்டியலில் நிற்க வேண்டும்.